ஒரு கதைமாந்தரின் வளர்ச்சியை ஓவிய வரிசையாக வாசிக்க முடியுமா?

கேள்வி: கரையோரவாசி

வணக்கம். ஒரு நாவலின் முதன்மைப் பாத்திரம் தொடக்கம் முதல் முடிவு வரை அடையும் மாற்றத்தை ஏழு ஓவியங்கள் கொண்ட வரிசையாகத் தீட்ட எண்ணியிருக்கிறேன். நாவலின் பெயரைச் சொன்னால் பேச்சு அதன் நிறைகுறைகளை நோக்கித் திரும்பிவிடும் என்பதால், என் கேள்விக்குத் தேவையான அளவு கதையை மட்டும் கூறுகிறேன்.

ஆற்றைக் கடத்திவிடும் ஓடத்தை நம்பி வாழும் குடும்பத்தில் பிறந்த பெண் அவள். சிறுமியாக இருக்கும்போது, ஓடக்கூலிப் பெட்டியிலிருந்து அண்ணன் பணம் எடுப்பதைப் பார்த்துவிடுகிறாள். பழி வேலையாள் ஒருவர்மீது விழுகிறது. விசாரிப்பவர்கள் முன் நிறுத்தப்படும் சிறுமி, அச்சத்தால் வாய் திறப்பதில்லை. நாவலின் நடுப்பகுதியில், வளர்ந்து தனக்கென ஒரு வீடும் வருவாயும் அமைத்துக்கொண்ட பின், அண்ணனோடு நேரும் சச்சரவில் அந்தப் பழைய உண்மையை எல்லோர் முன்னிலையிலும் போட்டு உடைக்கிறாள். சொன்னது உண்மைதான், ஆனால் உண்மைக்காகச் சொன்னது அல்ல, அவனை வீழ்த்துவதற்காகச் சொன்னது. பழி சுமந்த வேலையாள் அதற்கு முன்பே இறந்துவிட்டிருக்கிறார். கடைசி அத்தியாயத்தில், அண்ணனும் மறைந்த பிறகு, அவன் மகன் வந்து, "அத்தை, அப்பாவைப் பற்றி நீங்கள் அன்று சொன்னது உண்மைதானா?" என்று கேட்கிறான். முதல் அத்தியாயத்தில் நின்றதைப் போலவே அவள் பேசாமல் நிற்கிறாள். அந்த மௌனம் இரக்கமா, களைப்பா, தனக்குத்தானே விதித்துக்கொண்ட தண்டனையா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. நாவல் அங்கே முடிந்துவிடுகிறது.

என் சிக்கல் இதுதான். வெளித்தோற்றத்தில் முதல் மௌனமும் கடைசி மௌனமும் ஒன்றே. இரண்டுக்கும் இடையில் அவளுக்குள் நிகழ்ந்திருப்பதுதான் நாவல். எழுத்தில் நானூறு பக்கங்களைக் கடந்து வந்த வாசகருக்கு அந்த வேறுபாடு தானாகவே புரிந்துவிடுகிறது. ஓவியத்தின் முன் நிற்பவருக்கோ வாய் மூடிய ஒரு சிறுமியும் வாய் மூடிய ஒரு முதியவளும் மட்டுமே தெரிவார்கள். அப்படியானால், எந்தத் தருணங்களைத் தேர்ந்தெடுப்பது? முக்கியமான நிகழ்ச்சிகளை வரிசையாகத் தீட்டினால், அது கதைக்குப் போட்ட படங்களாக நின்றுவிடுமே தவிர, பாத்திரத்தைப் பற்றிய என் வாசிப்பாக ஆகாது என்று அஞ்சுகிறேன். இன்னொன்று: வளர்ச்சி என்பது காலத்தில் நிகழ்வது, ஓவியம் அசையாதது. அடிப்படையிலேயே ஓவியத்துக்கு ஒவ்வாத ஒன்றை அதனிடம் கேட்கிறேனோ என்ற ஐயமும் இருக்கிறது. ஓவியமும் இலக்கியமும் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: நடுக்கோடு

உங்கள் கடைசி ஐயத்திலிருந்து தொடங்குகிறேன்; மற்றவற்றுக்கான விடை அதற்குள் இருக்கிறது.

ஓவியத்தால் காலத்தைக் கையாள முடியுமா என்ற கேள்வி பழையது. ஜெர்மானியத் திறனாய்வாளர் லெஸ்ஸிங் 1766இல் வெளியிட்ட 'லாவோகோன்' என்ற நூலில் இதைத்தான் விவாதிக்கிறார். சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலத்தில் வருகின்றன, ஆகவே செயல்கள் அவற்றின் ஆட்சிப்பரப்பு. வடிவங்களும் வண்ணங்களும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இடத்தில் கிடக்கின்றன, ஆகவே உடல்கள் அவற்றின் ஆட்சிப்பரப்பு என்பது அவர் வகுத்த எல்லை. ஓவியரின் கையில் இருப்பது ஒரே ஒரு கணம் என்பதால், முன்நிகழ்ந்ததையும் பின்நிகழப்போவதையும் பார்வையாளர் ஊகித்துக்கொள்ளக்கூடிய, கருக்கொண்ட கணத்தை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். அவர் சொன்னவற்றுள் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது இன்னொன்று: உணர்ச்சியின் உச்சத்தை ஒருபோதும் தீட்டாதீர்கள், ஏனெனில் உச்சத்துக்கு மேலே கற்பனை ஏறிச்செல்ல இடமில்லை. இந்த அறிவுரையை ஏற்றுக்கொண்டால், எல்லோர் முன்னிலையிலும் அவள் கத்துகிற அந்தக் காட்சி உங்கள் வரிசையிலிருந்து முதலில் வெளியேற வேண்டியதாகிறது. கத்துவதற்குச் சற்று முன்னர், அவள் அமர்ந்திருந்த இடத்திலிருந்து எழும் கணம் போதும். அல்லது கத்தி முடித்த பிறகு, எல்லோரும் கலைந்து போன அறை.

லெஸ்ஸிங்கின் எல்லை தனி ஓவியத்துக்குப் பொருந்துகிறது. வரிசையாகத் தொங்கும் ஓவியங்கள் அந்த எல்லையை ஓரளவு மீறுகின்றன, ஏனெனில் அங்கே காலம் சட்டத்துக்குள் இல்லை. ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் நடுவிலுள்ள வெற்றுச் சுவரில் இருக்கிறது. பாத்திரத்தின் வளர்ச்சியை எந்த ஒரு கித்தானிலும் (ஓவியம் தீட்டும் துணியிலும்) தேடாதீர்கள் என்பதுதான் உங்களுக்கு என் முதல் பரிந்துரை. முந்தைய படத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த படத்தைப் பார்க்கிறவரின் மனத்தில்தான் அது நிகழ்கிறது. அந்த நினைவு வேலை செய்ய வேண்டுமென்றால், படங்கள் தோறும் மாறாத ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். எல்லாமே மாறினால் ஏழு வெவ்வேறு படங்கள்தான் கிடைக்கும், ஒரு மனுஷியின் மாற்றம் கிடைக்காது.

வில்லியம் ஹோகார்த் 1730களில் தீட்டிய எட்டு ஓவியங்களின் வரிசை ஒன்று லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருமியான தந்தையின் சொத்தை அடைந்த இளைஞன் ஒருவன் அதை ஊதாரித்தனமாக அழித்து, கடன்காரர் சிறைக்கும் பின்பு மனநோயாளர் விடுதிக்கும் போய்ச் சேரும் கதை அது. முதல் படத்தில் தையல்காரர் ஒருவர் அவனுக்குப் புத்தாடைக்காக அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். எட்டாவது படத்தில் அவன் ஏறக்குறைய ஆடையின்றித் தரையில் கிடக்கிறான். அவனால் ஏமாற்றப்பட்ட பெண் முதல் படத்திலும் அழுகிறாள், கடைசிப் படத்திலும் அவனருகே அமர்ந்து அழுகிறாள். முதல் அழுகை தனக்காக, கடைசி அழுகை அவனுக்காக. முகத்தை எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டினாலும் இந்த வேறுபாட்டைத் தனியொரு படத்தில் காட்டிவிட முடியாது. முதல் படத்தைப் பார்த்திருந்தால் மட்டுமே கடைசிப் படத்தின் கண்ணீருக்கு அந்தப் பொருள் கிடைக்கிறது. உங்கள் இரண்டு மௌனங்களுக்கும் இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கதை ஆற்றோடு தொடர்புடையது என்பதால் தாமஸ் கோல் என்ற அமெரிக்க ஓவியரின் நான்கு ஓவியங்களையும் நிச்சயம் பாருங்கள். மனித வாழ்வை ஓர் ஆற்றுப் பயணமாகக் கொண்டு, குழந்தைப் பருவம், இளமை, நடுவயது, முதுமை என்று 1840இல் ஒரு தொகுதியை முடித்த அவர், 1842இல் அதையே மறுபடியும் தீட்டினார். இரண்டாம் தொகுதி வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. ஓடம், ஆறு, பயணி, காவல் தேவதை ஆகிய நான்கும் எல்லாப் படங்களிலும் உண்டு. அவற்றுக்கிடையிலான உறவுதான் மாறிக்கொண்டே போகிறது. குழந்தையோடு தேவதை ஓடத்திலேயே இருக்கிறாள்; இளைஞன் சுக்கானைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும்போது அவள் கரையில் நிற்கிறாள்; நடுவயதில் சுக்கான் இல்லாமல் பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்படுகிறவனுக்குப் பின்னால், அவன் கண்ணில் படாத மேகத்தில் இருக்கிறாள். கோலின் பக்தி உங்களுக்குத் தேவையில்லை. ஒரே உருப்படிகளை வைத்துக்கொண்டு அவற்றின் இடைவெளியை மட்டும் மாற்றுவதன் மூலம் ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடியும் என்பதைக் கற்றுக்கொண்டால் போதும்.

எனவே, நிகழ்ச்சிகளின் பட்டியலை ஒதுக்கிவிட்டு, ஏழு படங்களிலும் மாறாமல் இருக்கப்போகிற மூன்று நான்கு பொருள்களை முதலில் முடிவு செய்யுங்கள். கூலிப்பெட்டி ஒன்று, ஓடத்துறை இன்னொன்று. அண்ணன் மூன்றாவதாக இருக்கலாம்.

மறுமொழி: பக்கஓரம்

நடுக்கோடு அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அவர் எடுத்துக்காட்டிய இருவருமே, தூரிகையைத் தொடும் முன்பே விடை தெரிந்தவர்கள். ஹோகார்த்தின் இளைஞன் வளரவில்லை, சரிகிறான். அந்தச் சரிவுக்குக் காரணம் என்ன, தண்டனை என்ன என்பதில் ஓவியருக்குச் சிறிதும் ஐயமில்லை. கோலின் பயணி ஒரு தனி மனிதனே அல்ல, மனித குலத்தின் பொதுப்பெயர். நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் நாவலோ விடை சொல்ல மறுக்கிறது. விடையை ஒளித்துவைத்திருக்கும் நாவலை, விடையை அறிவிக்கும் ஓவிய முறையில் தீட்டினால், அது வாசிப்பு ஆகாது, திருத்தம் ஆகிவிடும்.

குறிப்பாக ஒன்றை எச்சரிக்க விரும்புகிறேன். பாத்திர வளர்ச்சி என்றவுடன் முதல் படத்தில் இருண்ட வண்ணங்களும் கடைசிப் படத்தில் வெளிச்சமும் வருவதை அத்தனை ஓவியப் போட்டிகளிலும் பார்க்கலாம். அறியாமை கருப்பு, ஞானம் மஞ்சள் என்பது வாசிப்பே அல்ல. ஒளி மாறுவதும் மனிதர் மாறுவதும் வேறு வேறு. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890களின் தொடக்கத்தில் ரூவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை முப்பதுக்கும் மேற்பட்ட கித்தான்களில் தீட்டினார். காலை, நண்பகல், மூட்டம், அந்தி என்று ஒளி மாறமாற அந்தக் கல்முகப்பு நீலமாகிறது, பொன்னாகிறது, சாம்பலாகிறது. அவ்வளவுக்குப் பிறகும் தேவாலயத்துக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. உங்கள் நாயகியின்மேல் வெவ்வேறு வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அவளுக்கும் ஒன்றும் நேராது.

அப்படியானால் எதை நோக்குவது? நாவலின் கதைசொல்லி எங்கே நிற்கிறார் என்பதை அத்தியாயம் அத்தியாயமாகக் குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். பெரும்பாலான நாவல்களில், சிறுவயது அத்தியாயங்களை எழுதும்போது கதைசொல்லி குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிகிறார். பெரியவர்களின் முகங்களைவிட அவர்களுடைய கைகளும் இடுப்பும் பேச்சுமே நமக்குக் கிடைக்கின்றன. வளர வளர அவர் நிமிர்கிறார், விலகுகிறார், சில இடங்களில் வேறொருவரின் பார்வைக்குள் புகுந்துகொள்கிறார். எழுத்திலுள்ள இந்த நகர்வுகளுக்கு ஓவியத்தில் நேர் இணை உண்டு: தொடுவானக் கோட்டின் உயரம், உருவத்துக்கும் பார்வையாளருக்கும் உள்ள தொலைவு, உருவம் நம்மை நோக்கி நிற்கிறதா முதுகு காட்டி நிற்கிறதா என்பது. முதல் படத்தின் கண்மட்டம் சிறுமியின் உயரத்தில் இருக்கட்டும். விசாரிப்பவர்களின் தலைகளைச் சட்டம் வெட்டிவிடட்டும். கடைசிப் படத்திலும் அதே தாழ்ந்த கண்மட்டத்தை வைத்துப் பாருங்கள். இப்போது கேள்வி கேட்கிற இளைஞனின் இடத்தில் நாம் இல்லை, நிற்பவளின் இடத்திலும் இல்லை. பழைய சிறுமியின் உயரத்திலிருந்து அந்த முதியவளைப் பார்க்கிறோம். அது இரக்கமா தண்டனையா என்று நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொன்று. மாறாத பொருள்களாகப் பெட்டி, துறை, அண்ணன் ஆகியவற்றைச் சொன்ன நண்பர், பழி சுமந்த வேலையாளை விட்டுவிட்டார். நான் வாசிப்பவனாக இருந்தால் இந்த நாவலை அளப்பதற்கு அவரைத்தான் கோலாக எடுத்துக்கொள்வேன். சிறுமிக்கு அவர் தன் அச்சத்துக்குக் காரணமான ஒரு பெரியவர். நடுவயதில் அவர் அண்ணன்மேல் வீசுவதற்குக் கிடைத்த கல். முதுமையில்தான், ஒருவேளை, அவர் ஒரு மனிதர். அவள் எந்த அளவுக்கு வளர்ந்தாள் என்பது அவள் அவரை எப்படிப் பார்க்கிறாள் என்பதில் இருக்கிறதே தவிர, அண்ணனை மன்னித்தாளா என்பதில் இல்லை. அவர் இறந்த பிறகும் அவருக்குரிய இடத்தைக் கித்தானில் காலியாகவே வைத்துக்கொண்டு போனால் என்ன?

கரையோரவாசி

இருவருக்கும் நன்றி. வேலையாளின் இடத்தைக் காலியாக வைத்திருப்பது பற்றி நான் எண்ணவே இல்லை. நாவலை மறுபடியும் எடுத்து அவர் வருகிற பக்கங்களை மட்டும் வாசித்தேன். நடுப்பகுதிக்குப் பிறகு ஆசிரியர் அவர் பெயரைச் சொல்லவே இல்லை, கடைசி அத்தியாயத்தில் ஒரே ஒருமுறை சொல்கிறார். தற்செயல் என்று தோன்றவில்லை.

ஒரு நடைமுறைக் கேள்வி எஞ்சுகிறது. ஏழு வயதுகளில் ஒரே பெண்ணைத் தீட்டும்போது, இவள்தான் அவள் என்பது பார்வையாளருக்கு எப்படித் தெரியும்? முகச்சாயலை நம்பலாமா? முதுமையைச் சுருக்கங்களால் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அதோடு, ஒரு படத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதா, எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்குவதா என்பதிலும் தெளிவில்லை.

மறுமொழி: உலராவண்ணம்

தீட்டுகிறவள் என்ற முறையில் உங்கள் நடைமுறைக் கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

முகச்சாயலை நம்பாதீர்கள். சிறுமியின் முகத்துக்கும் அறுபதைக் கடந்தவளின் முகத்துக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனித்து அறிய, பார்வையாளர் இரண்டையும் அருகருகே வைத்து ஆராய வேண்டியிருக்கும். அப்படி ஆராய்கிறவர் மற்ற எதையும் பார்க்கமாட்டார். உடல் நிற்கிற விதம் முகத்தைவிட நம்பகமானது. ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருப்பது, எடையை ஒரே காலில் சாய்த்து நிற்பது, ஒரு கை மற்றொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது போன்ற ஏதேனும் ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். வயது மாறினாலும் அது அவளை விட்டுப் போகாது. அந்தப் பிடி எந்தப் படத்தில் தளர்கிறது என்பதை நீங்கள் தீர்மானிக்கும்போது, பாத்திரத்தைப் பற்றிய உங்கள் கருத்தை வேறு எதையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறீர்கள். கையைத் தீட்டுவது கடினம் என்று தவிர்க்கிறவர்கள் உண்டு. இந்த வரிசையில் அதற்கு இடமில்லை.

உடலின் திசையும் பேசும். ஸ்விட்சர்லாந்து ஓவியர் ஃபெர்டினாண்ட் ஹோட்லர், தம் துணைவி வாலெண்டைன் நோயுற்று 1915 ஜனவரியில் இறக்கும் வரை அவரைத் தொடர்ந்து வரைந்தும் தீட்டியும் வந்தார். தொடக்கத்தில் நிமிர்ந்திருக்கிற உடல் தலையணையில் சாய்கிறது, பிறகு சரிகிறது, முடிவில் முற்றிலும் கிடைக்கோடாகிவிடுகிறது. முகபாவத்தை மறைத்துவிட்டு அந்த வரிசையைப் பார்த்தாலும் நடந்தது என்னவென்று விளங்கும். உங்கள் நாயகியின் வரிசையில் அப்படி ஓர் அடிப்படைக் கோடு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றின் கிடைக்கோட்டை அவளுடைய நிற்கும் உடல் எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதே போதுமானதாக இருக்கலாம்.

முதுமைக்குச் சுருக்கங்கள் தேவையில்லை என்பதில் நானும் உங்கள் பக்கம். ரெம்ப்ராண்ட் தம் இருபதுகளின் தொடக்கத்தில், 1628ஐ ஒட்டித் தீட்டிய சிறிய தன்னுருவப் படத்தில் கண்கள் நிழலுக்குள் மறைந்திருக்கின்றன. தூரிகையின் பின்முனையால் ஈர வண்ணத்தைக் கீறித் தலைமுடிச் சுருள்களை எழுதியிருக்கிறார். இறந்த ஆண்டான 1669இலும் தம்மைத் தீட்டினார். அந்த நாற்பது ஆண்டுகளில் மாறியது தோல் மட்டும் அல்ல, வண்ணத்தை வைக்கும் முறையே மாறிவிட்டது: தடிமனான, மேடுபள்ளமான, வழித்துச் சீராக்காத பூச்சு. வயது அங்கே பொருளிலேயே ஏறியிருக்கிறது. நீங்களும் முதல் படத்தை மெல்லிய, நீர்த்த பூச்சிலும், நடுப்படத்தைத் தடித்த பூச்சிலும் தீட்டலாம். அதற்காகக் கடைசிப் படம் எல்லாவற்றிலும் தடிமனாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிக்காஸோ 1945 டிசம்பரிலும் 1946 ஜனவரியிலுமாக ஒரே காளையைப் பதினொரு நிலைகளில் கல்லச்சாக (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சாக) எடுத்தார். சதையும் மயிரும் நிறைந்த விலங்கு படிப்படியாகக் குறைந்து, கடைசியில் சில கோடுகளே மிஞ்சுகின்றன, ஆனாலும் காளை போய்விடவில்லை. வளர்ச்சி என்றால் சேர்ந்துகொண்டே போவது என்று கொள்வது பழக்கத்தால் வந்தது. உங்கள் நாயகி இழந்தும் வளர்ந்திருக்கலாம்.

இனி வேலை முறை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். கையும் வண்ணக்கலவையும் மாதக்கணக்கில் மாறிவிடும். அந்த மாற்றத்தைப் பார்வையாளர் பாத்திரத்தின் மாற்றமாக எடுத்துக்கொள்வார். ஜேக்கப் லாரன்ஸ் என்ற அமெரிக்க ஓவியர், தெற்கிலிருந்து வடக்குக்கு இடம்பெயர்ந்த கறுப்பின மக்களைப் பற்றி 1940–41இல் அறுபது பலகைகள் தீட்டினார்; முடித்தபோது அவருக்கு வயது 23. முதலில் அறுபதுக்குமான குறுவாசகங்களை எழுதிக்கொண்டார். பிறகு பலகைகளை எல்லாம் பரப்பிவைத்து, ஒரு வண்ணத்தை எடுத்தால் அது தேவைப்படும் எல்லாப் பலகைகளிலும் பூசிவிட்டு அடுத்த வண்ணத்துக்குப் போனார். அதனால்தான் முதல் பலகையிலுள்ள மஞ்சளும் கடைசிப் பலகையிலுள்ள மஞ்சளும் ஒன்றாகவே இருக்கின்றன. ஏழு கித்தான்களுக்கு இது எளிது. எண்ணெய் வண்ணமானால் ஓர் அடுக்கு உலரும் வரை காத்திருக்க வேண்டும். அக்ரிலிக் இந்த முறைக்கு இன்னும் வசதி. கித்தானைத் தொடுவதற்கு முன் ஏழையும் உள்ளங்கை அளவுக் கரித்துண்டுச் சித்திரங்களாகப் போட்டு, தரையில் வரிசைமாற்றி அடுக்கிப் பாருங்கள். மூன்றாவதையும் ஐந்தாவதையும் இடம் மாற்றியும் பொருள் கெடவில்லை என்றால், இரண்டில் ஒன்று தேவையில்லாதது.

மறுமொழி: சுதைச்சுவர்

ஓவியங்கள் ஒரே வரிசையில், இடமிருந்து வலமாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. சுவரோவிய மரபில் கதை சொன்னவர்கள் அப்படி நினைக்கவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், பிற்கால நாயக்கர் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து 1931இல் வெளிப்பட்ட சோழர்கால ஓவியங்களுள் சுந்தரரின் வரலாறு உண்டு. சேக்கிழார் அவ்வரலாற்றைக் காப்பியமாகப் பாடுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்தையது அது. கீழ்ப்பகுதியில், மணவிழா நடக்கும் இடத்துக்கு முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து, மணமகன் தமக்கு அடிமை என்று வழக்குரைக்கிறார், மேலே போகப்போக, அதே மனிதர் வெள்ளை யானைமீது கயிலை நோக்கிச் செல்கிறார், சேரமான் பெருமாள் குதிரையில் உடன் வருகிறார், உச்சியில் கயிலை. இடையில் சட்டங்கள் இல்லை. அடிமை என்ற சொல்லுக்குச் சினந்து வாதாடிய இளைஞரும், அந்த அடிமைத்தனத்தையே பேறாகக் கொண்டு புறப்பட்டுப் போகிறவரும் ஒரே பார்வையில் நமக்குக் கிடைக்கிறார்கள். பாத்திர வளர்ச்சி என்று இன்று நாம் அழைப்பதை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதன் மூலமே அந்தச் சுவர் சொல்லிவிடுகிறது. பக்திக் கதைக்கு மேல்நோக்கிய ஏற்றம் பொருத்தம். உங்கள் நாவலுக்கு அது பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் அடுக்கலாம் என்ற வாய்ப்பு இருக்கிறது.

இத்தாலியில் பாதுவா நகரின் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஜொத்தோ 1305ஐ ஒட்டித் தீட்டிய சுவர்களில் இதை இன்னும் நுட்பமாகக் காணலாம். கதை மூன்று அடுக்குகளாகச் சுவரைச் சுற்றி ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் இருப்பதோடு ஓர் உறவும், மேலும் கீழும் இருப்பதோடு இன்னோர் உறவும் ஏற்படுகின்றன. இறந்த லாசரை எழுப்பும் காட்சிக்கு நேர்கீழே உயிர்த்தெழுந்த கிறிஸ்து வருகிறார். கதையில் தொலைவில் இருப்பவை சுவரில் அண்டை வீட்டாராகிவிடுகின்றன.

உங்கள் ஏழு படங்களை மேல்வரிசையில் நான்கும் கீழ்வரிசையில் மூன்றுமாகத் தொங்கவிட்டு, கீழ்வரிசையை வலமிருந்து இடமாகத் திரும்பி ஓடச் செய்தால், முதல் படத்துக்கு நேர்கீழே கடைசி மௌனம் வந்து நிற்கும். இடையிலுள்ள ஒரு வாழ்நாளைக் கண்களால் கடக்காமல் எவராலும் அதைச் சென்றடைய முடியாது. நான்காவது படம், அதாவது அவள் பேசிவிடுகிற படம், திருப்பத்தில் தனியாக வலப்பக்கம் நிற்கும். அதற்கு மட்டும் கீழே இணை இராது. எண்ணிக்கையும் இடமும் தாமாகவே ஒத்துவருகின்றன.

மறுமொழி: பக்கஓரம்

இது அழகான யோசனை. ஒரே ஒரு திருத்தம்: நான்காவது படத்துக்குக் கீழே இணை இல்லாமல் விடுவதாக இருந்தால், அந்த வெற்றிடம் வேலையாளுடையது. அவர் இறந்தது அந்தப் பேச்சுக்கு முன்பு அல்லவா?

கரையோரவாசி

ஆம், அதற்கு முன்புதான். இரண்டு வரிசையாகவே அமைக்கப்போகிறேன். கூலிப்பெட்டியும் ஓடத்துறையும் எல்லாப் படங்களிலும் இருக்கும். அண்ணன் உயிரோடு இருக்கும் காலத்துக்குரிய படங்களில் மட்டும் வருவான். நான்காவதாக, எல்லோரும் போன பிறகான அறையைத் தீட்டுகிறேன். அவளும் அதில் இருக்கமாட்டாள். மணிக்கட்டைப் பிடித்திருக்கும் கை ஆறாவது படத்தில் தளர்கிறதா, ஏழாவதிலா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. ஏழாவதில் தளர்த்தினால் இரக்கம் என்று நானே அறிவித்துவிடுவதாகும் என்று தோன்றுகிறது. படங்களுக்குக் கீழே நாவலின் வரிகளை எழுதிவைக்கலாமா என்பது மட்டும் கடைசிக் கேள்வி.

மறுமொழி: உலராவண்ணம்

வேண்டாம். லாரன்ஸின் குறுவாசகங்கள் அவரே எழுதியவை, படங்களோடு பிறந்தவை. நாவலின் வரியை ஒட்டிவைத்தால் மக்கள் அந்த வரியை வாசித்துவிட்டு, படம் அதற்கு ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அத்தியாய எண்ணை மட்டும் எழுதுங்கள். நாவலை வாசித்தவருக்கு அது போதும், வாசிக்காதவருக்கு எண்களுக்கு இடையிலுள்ள தாவல்களாவது தெரியும். கையைப் பொறுத்தவரை, ஆறாவதில் தளர்த்திவிட்டு ஏழாவதில் மறுபடியும் பிடிக்கவைத்துக் கரித்துண்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.